இடப்பக்கம், ஐந்தாம் வரிசை

சியூ யென்னின் முகம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.
பிடரி தெரியும்.
முடிக்குக் கீழே கடுகளவு மச்சம்,
வெயில்களிம்பு எட்டாத ஒரு சிவந்த திட்டு.
மூச்சை இழுக்கும்போது
வலது தோள்தான் முதலில் எழும்.
போன மாதம் பாய லேபார் ரயில்மேடையில்
யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நானும் சிரித்துவைத்தேன், யாரென்று தெரியாமல்.
ரயிலேறத் திரும்பினாள்.
அட, சியூ யென்!

டிராகன் படகில் அப்படித்தான்.
மூன்று வருஷமாக ஒரு முதுகுக்குப் பின்னால் நான்,
என் முதுகுக்குப் பின்னால் ஹஸ்லிண்டா.

புறப்படுமுன் இடப்பக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு.
சுக்கான் பிடிக்கும் ரொஸ்னானி
பத்தாம் வரிசைத் தோளில் இரண்டு தட்டு.
பத்து ஒன்பதுக்கு, ஒன்பது எட்டுக்கு.
ஈரக் கை, ஈரச் சட்டை.
முதல் வரிசை, தட்ட ஆளில்லாமல்,
படகின் விலாவைத் தட்டிவிட்டுத் துடுப்பைப் பிடிக்கும்.
வலப்பக்கத்தாருக்கு இதில் நம்பிக்கையில்லை.
அவர்கள் காலாங் தண்ணீரைத் தொட்டு
நெற்றியில் வைத்துக்கொள்வார்கள்.

அன்று காற்று.
அரங்கக் கூரையைச் சுற்றிவந்து
படகைப் பக்கவாட்டில் தள்ளியது.
ஒலிபெருக்கி எங்கள் தடத்து எண்ணைச் சொல்லிவிட்டது.
என் தோள் காத்திருந்தது.
தோளுக்கும் காது உண்டென்று அன்றுதான் தெரிந்தது.
வரவில்லை.

ஹஸ்லிண்டா.
செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு நான் போகாததைக்
குழு வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியிருந்தாள்.
நான் இரண்டு வரி எழுதினேன்.
சரி, அதை இங்கேயா காட்டுவது?
வந்ததை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளா?

முன்னால் சியூ யென்,
லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு நிற்பவளைப் போல
தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு.

நானே இரண்டு தட்டுத் தட்டினேன்.
கள்ளநோட்டு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அவள் அதை வாங்கி
முன்னால் கொடுத்தாள்.
மூன்று. இரண்டு. ஒன்று.
படகின் விலாவில் செல்லும் பணமாகவே அது விழுந்தது.

ஐந்நூறு மீட்டரும் ஹஸ்லிண்டாமேல் இருந்த கோபத்தில் வலித்தேன்.
அதைப் போல் நான் என்றும் வலித்ததில்லை.
நான்காவதாக வந்தோம்,
பதக்கத்துக்கு அரை நாகத்தலை குறைவு.
முடிந்ததும் எல்லாரும் கவிழ்ந்து கிடக்க
யார் கை யார் முதுகில் என்று கணக்கில்லை.
என் முதுகிலும் ஏதோ பட்டது.
தண்ணீர்தானோ என்னவோ.

ஓல்ட் ஏர்போர்ட் சாலை உணவங்காடியில்
மூன்று மேசையை இழுத்துச் சேர்த்தோம்.
பார்லித் தண்ணீர் வருமுன்
ரொஸ்னானி தலையிலடித்துக்கொண்டாள்:
'அந்தக் காற்றில் ரெண்டு கையும் சுக்கானில்,
இன்றைக்குத் தட்டவே இல்லை நான்.
அதுதான் நாலாவது.'

பத்து, ஒன்பது, எட்டு, ஏழு
தத்தம் தட்டுகளைப் பார்த்தன.

'எனக்கு வந்ததே' என்றாள் முதல் வரிசை.
'எனக்கும்' என்றாள் இரண்டு. மூன்று தலையாட்டினாள்.
சியூ யென் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பி, முழு முகத்தோடு, என்னைப் பார்த்தாள்.
இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு.
இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நான் உறிஞ்சுகுழலின் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்,
ஒருமுறை கிழித்ததையே திரும்பவும்.
எதிரே ஹஸ்லிண்டா
மீ ரெபுஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.
எலுமிச்சையைப் பிழிந்தாள். விதையை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

மேசைக்கடியில் ஒரு செருப்பு நுனி
என் காலில் பட்டது.
தவறிப் பட்டிருக்கும் என்று காலை நகர்த்தப் போனேன்.

இன்னொரு தடவை பட்டது.